பதினெட்டுக் கிலோ வெள்ளாடு

எங்கள் பக்கத்து வீட்டில் எதையும் உள்ளபடி சொல்லுகிற வழக்கம் கிடையாது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று சடையப்பனைக் கேட்டால், "ஏதோ வெதச்சதுக்கு மோசமில்ல மச்சான்" என்பான். பின்கட்டில் முப்பது மூட்டை அடுக்கியிருக்கும். கோழி எத்தனை முட்டை வைத்தது, கொடியில் எத்தனை சுரைக்காய் தொங்குகிறது, எதற்கும் ஒரு கழிவு போட்டுத்தான் பதில் வரும். இதைப் பொய் என்று சொல்லிவிட்டால் அவன் பெண்டாட்டி லோகநாயகிக்குப் பொத்துக்கொண்டு வரும். "கண்ணுன்னு ஒண்ணு இருக்குதுல்லண்ணே? வாய்வுட்டு சொன்னா அது மேல போயி வுழுந்துடும்" என்பாள்.

நான் காட்டுமன்னார்கோயில் - சிதம்பரம் டவுன் பஸ்ஸில் இருபத்தேழு வருஷமாகக் கண்டக்டர். செக்கிங் ஏறினால் தலையும் டிக்கெட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தலைகளை எண்ணியே தலை நரைத்தவன். எனக்கும் அந்த வீட்டுக்கும் எப்படி ஒத்துப்போகும்? ஆனாலும் பதினாறு வருஷமாக நடுவில் ஒரு வேலி கூட இல்லாமல் இருக்கிறோம். லோகநாயகி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

அந்தக் கார்த்திகையில் பதினோரு நாள் விடாமல் மழை. வீராணம் ஏரி நிரம்பி, வாய்க்கால் எல்லாம் கரை தட்டி ஓடிற்று. நட்ட நாற்று தலை தெரியாமல் கிடந்தது. ஆட்டுக் கொட்டகையில் தரை காயவே இல்லை. ஆடுகளுக்குக் கழிச்சல் கண்டது. லோகநாயகியிடம் நாலு ஆடு இருந்தது. ஒரே வாரத்தில் மூன்று போய்விட்டன. ஒவ்வொன்றையும் சடையப்பன் வாய்க்கால் மேட்டில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து குளித்தான். மிச்சம் இருந்தது வெள்ளச்சி ஒன்றுதான். குட்டி போட்டுப் பதினோரு நாள், ரெண்டும் பெட்டை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, "அக்கா! சவரிக்கா!" என்று லோகநாயகி போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த டீ சிந்திவிட்டது. சவரியம்மாள் என் மனைவி. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு வார லீவு. எனக்கும் ரெஸ்ட். மழையில் போர்த்திக்கொண்டு படுக்கலாம் என்றிருந்த நாள்.

போய்ப் பார்த்தோம். வெள்ளச்சி சாக்கின் மேல் பக்கவாட்டில் கிடந்தது. கண் ரெண்டும் குழிக்குள் போயிருந்தன. வாலும் பின்னங்காலும் கழிசலில் ஒட்டிப் பச்சையாக இருந்தன. குட்டிகள் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தின. லோகநாயகி தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல்காரி அவள், கழுத்தில் எப்போதும் மாலை போல இஞ்ச் டேப் தொங்கும். அன்றைக்கும் தொங்கியது.

"டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டியா?" என்றாள் சவரி.

"போட்டேன். லைன்ல இருக்காங்க. நீயே பேசுக்கா. எனக்கு வாயி வரல."

கால்நடை மருந்தகத்துக்கு வந்திருக்கும் டாக்டர் இலக்கியா சின்ன வயசுப் பெண். நல்ல பொறுப்பு. ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"நான் மஞ்சக்குப்பத்துல இருக்கேன்கா. மழ சேத மீட்டிங். நேத்து ராத்திரியே வரச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ் வண்டியும் வெள்ளம் பூந்த ஊருங்க பக்கம் போயிருக்கு. நான் கெளம்பி வர சாயந்தரம் ஏழு மணி ஆயிடும். அது வரைக்கும் ஆடு தாங்காது. அங்க டிரிப் போடத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"நான் ஸ்டாஃப் நர்ஸ் மேடம். ஆனா மனுஷங்களுக்குத்தான் போட்டிருக்கேன்."

"நரம்பு நரம்புதான்கா. வீடியோ கால்ல நான் காட்டறேன். மொதல்ல கழுத்துத் தோல ரெண்டு வெரலால இழுத்து வுடுங்க. எவ்ளோ நேரத்துல படியுதுன்னு சொல்லுங்க."

சவரி இழுத்து விட்டாள். தோல் கூடாரம் போல அப்படியே நின்றது. ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, அஞ்சு, ஆறு என்று நான் எண்ணிய பிறகுதான் மெதுவாகப் படிந்தது.

"நூத்துக்குப் பத்து போயிருக்குக்கா. ஒடம்பு எடையில பத்துல ஒரு பங்கு தண்ணி வெளிய போயிடுச்சு. அத நாம திருப்பி ஏத்தணும். ஆடு எத்தன கிலோ இருக்கும்?"

சவரி திரும்பி, "எத்தன கிலோ லோகு?" என்றாள்.

"தெரியாதுக்கா."

"உங்க நெல்லு தராசு உள்ளதான இருக்கு? தூக்கி வெச்சுப் பாத்துடலாம்" என்றேன் நான்.

லோகநாயகி என்னைப் பார்த்த பார்வையில் ரெண்டடி பின்னால் போனேன். "தராசுலயா? கறிக்குப் போறததாண்ணே தராசுல ஏத்துவாங்க. உசுரோட வளக்கறத ஏத்துவாங்களா? ஏற்கெனவே மூணு போயிருக்குது எனக்கு!"

"சரி, குத்துமதிப்பா சொல்லு. மேடம் காத்திருக்காங்க."

லோகநாயகி ஆட்டைப் பார்க்காமல் சொன்னாள். "பதினெட்டு."

பஸ்ஸில் ஏறுகிற ஆளைப் பார்த்தால் டிக்கெட் உள்ள ஆளா இல்லாத ஆளா என்று சொல்லிவிடுவேன். ஆட்டைப் பார்த்து எடை சொல்ல எனக்குத் தெரியாது. சவரிக்கும் தெரியாது. ஆனால் இந்த வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும் அல்லவா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காக என்னை நானே இன்று வரை திட்டிக்கொள்கிறேன்.

"பதினெட்டு மேடம்" என்றாள் சவரி.

"பதினெட்டுல பத்துல ஒண்ணு, ஒண்ணு புள்ளி எட்டு லிட்டரு. அரை லிட்டர் பாட்டில் நாலு வாங்கிக்குங்க. பத்து மணி நேரத்துல ஏத்துங்க. ஊசி மருந்து பத்து கிலோவுக்கு ஒரு மில்லி. இதுக்கு ஒண்ணு புள்ளி எட்டு. சீட்டு அனுப்பறேன்."

சடையப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு காட்டுமன்னார்கோயிலுக்குப் பறந்தான். மெடிக்கல்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து கடையைத் திறக்க வைத்தானாம். ஏழே முக்காலுக்குச் சொட்டச் சொட்ட நனைந்து, பாட்டில்களைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

வெள்ளச்சியின் கழுத்தில் ஒரு சாண் அளவுக்கு மயிரை பிளேடால் வழித்தோம். டாக்டர் ஃபோனில் வழி சொன்னாள். "கீழ கட்டை வெரலால அழுத்திப் புடிங்க. மேல பொடைச்சுக்கிட்டு வரும் பாருங்க." நீர் வற்றிய உடம்பில் எங்கே புடைக்கும்? முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. ரெண்டாவதிலும் வரவில்லை. லோகநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். சவரி மூச்சை இழுத்து விட்டு, "குட்டிப் பாப்பாவுக்கே போட்டிருக்கேன், நீ எந்த மூலைக்கு?" என்று ஆட்டிடமே சொல்லிவிட்டு மூன்றாவதாகக் குத்தினாள். குழாயில் சிவப்பு தெரிந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊர் பார்க்கும் என்று இருந்துவிட்டேன்.

பாட்டிலைக் கொட்டகைச் சட்டத்தில் கட்டினோம். சவரி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.

"ஆயிரத்து எண்ணூறு மில்லி. பத்து மணி நேரம். மணிக்கு நூத்தியெம்பது. அப்ப நிமிஷத்துக்கு மூணு மில்லி. இந்தச் செட்டுல இருபது சொட்டு வுழுந்தா ஒரு மில்லி. மூவிருபது?"

"அறுவது" என்றேன்.

"நிமிஷத்துக்கு அறுவது சொட்டு. ஏங்க, விநாடிக்கு ஒரு சொட்டு. வாட்ச்ச பாத்து எண்ணிச் சொல்லுங்க, நான் திருகறேன்."

இப்படித்தான் ஒரு டவுன் பஸ் கண்டக்டர் ஆட்டுக்குச் சொட்டு எண்ணுகிற உத்தியோகத்துக்கு வந்தேன். சரியாக எட்டு மணி. கொட்டகை ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆடு தலையை அசைத்தால் சொட்டு குறையும்; பாட்டிலில் நீர் இறங்கினாலும் குறையும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ண வேண்டும். ஐம்பத்திரண்டு என்றால் சவரி குழாயில் இருக்கும் திருகியை ஒரு மயிரிழை தளர்த்துவாள். அடுத்த பாட்டில் சில்லிட்டுப் போகாமல் இருக்க லோகநாயகி அதை வெந்நீர்க் குண்டானில் வைத்து, ஆற ஆற அடுப்பிலிருந்து மோந்து ஊற்றினாள். சடையப்பன் குட்டிகளை மடியில் போட்டுப் பசும்பாலைப் பாட்டிலில் புகட்டினான். பாதி அவன் கைலியில் போயிற்று.

பத்து மணிக்குச் சவரி எங்கள் வீட்டிலிருந்து இட்லியும் தக்காளிச் சட்னியும் கொண்டுவந்தாள். லோகநாயகி தொடவில்லை.

"சாப்புடு லோகு. நீ பட்டினி கெடந்தா ஆட்டுக்குச் சொட்டு கூடவா ஏறும்?"

"எறங்கலக்கா. அந்த யாவாரி சொன்னதே காதுல இருக்குது."

"எந்த யாவாரி?"

"போன வாரத்துக்கு மொத வாரம் வந்தாரு. தங்கமான மனுஷன்தான், கொற சொல்லக் கூடாது. குடுக்கலன்னு சொல்லியும் சும்மானாச்சும் மூணையும் அக்குள்ல கை குடுத்துத் தூக்கிப் பாத்தாரு. 'எம்மா, ஒண்ணொண்ணும் இருவது கிலோவுக்குக் கொறையாதும்மா, நல்லா வளத்திருக்கே'ன்னு வாய் நெறைய சொன்னாரு. நாலாம் நாளு கழிச்சல். இவ அப்ப நெற செனை, தூக்க வேணாம்னுட்டேன். அதான் இவ மட்டும் மிஞ்சினா."

"மழைக்குக் கழிச்சல் வராதா?"

"ஊருல எத்தன ஆடு நனையுது? எல்லாமா செத்துப்போச்சு?"

சவரி இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்தாள். லோகநாயகி அழுதுகொண்டே மென்றாள்.

பதினோரு மணிக்கும் வெள்ளச்சி அப்படியேதான் கிடந்தது. பதினொன்றரைக்குப் பல்லை நறநறவென்று கடித்தது. பன்னிரண்டுக்குச் சவரி ஈறை அழுத்திப் பார்த்தாள், காதைத் தொட்டுப் பார்த்தாள். காது ஜில்லென்று இருந்தது. தோலை இழுத்து விட்டாள். மறுபடியும் நான் அஞ்சு எண்ண வேண்டியிருந்தது. ரெண்டாவது பாட்டில் பாதியை நெருங்கியிருந்தது.

சடையப்பன் எழுந்து வந்தான். "மச்சான், இது என்னா சொட்டு சொட்டா வுட்டுக்கிட்டு? தொறந்து வுட்டா கடகடன்னு ஏறிடும்ல?" என்று திருகியில் கையை வைத்தான்.

சவரி அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "எடு கைய! மொத்தமா ஏறினா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். தண்ணி இல்லாம சாவறத காப்பாத்த வந்து தண்ணிய வுட்டே சாவடிக்கவா?"

அவன் கையை உதறிக்கொண்டு போனான். அவள் டாக்டருக்கு ஃபோன் போட்டாள். மீட்டிங்கின் நடுவே டாக்டர் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். பின்னால் யாரோ மைக்கில் பேசுவது கேட்டது.

"மூத்திரம் போச்சாக்கா?"

"இல்ல மேடம்."

"நாலு மணி நேரம் ஆச்சு. கணக்கு சரியா இருந்தா இந்நேரம் கண்ணு கொஞ்சமாவது தெளிஞ்சிருக்கணும். சொட்டு சரியா வுழுதா?"

"அறுவது. இங்க ஒரு ஆளு வேற வேலையே இல்லாம எண்ணிக்கிட்டு இருக்காரு."

"அப்ப எடைதான் இடிக்குது. எடைய எப்படிப் பாத்தீங்க?"

சவரி லோகநாயகியைப் பார்த்தாள். நான் பார்த்தேன். சடையப்பன் கூடப் பார்த்தான். லோகநாயகி வெந்நீர்க் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லோகு."

அவள் குண்டானில் இன்னொரு சொம்பு வெந்நீரை ஊற்றினாள்.

"லோகு, பதினெட்டுன்னு எத வெச்சுச் சொன்ன?"

"எல்லாம் அவ்ளோதான் இருக்கும்."

"நெசமா?"

"இதயும் நான் என் வாயால சொல்லணுமாக்கா?" லோகநாயகி சட்டென்று கத்தினாள். "ஒருத்தரு சொன்னாரு, மூணு போச்சு. இருக்கறது இது ஒண்ணு. நானே என் வாயால சொல்லி இதயும் அனுப்பணுமா?"

கொட்டகை மேல் மழை கொட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சவரி என்னைக் கையமர்த்திவிட்டு அவள் பக்கத்தில் குந்தினாள்.

"நீ சொல்ல வேணாம். ஜாக்கெட்டு தைக்க வர்றவங்ககிட்ட என்னா பண்ணுவ? அந்தப் பெரிய வீட்டு ராசம்மாவுக்கு நாப்பத்திரண்டு இஞ்சு. அவ மனசு நோவக் கூடாதுன்னு முப்பத்தெட்டுன்னுதான் சொல்லுவ. எனக்குத் தெரியும். ஆனா துணிய எத்தன இஞ்சுக்கு வெட்டுவ?"

லோகநாயகி மூக்கை உறிஞ்சினாள். "நாப்பத்திரண்டுக்குத்தான் வெட்டணும். இல்லன்னா கை நொழையுமா?"

"இதுக்கு நாம முப்பத்தெட்டுக்கு வெட்டிட்டோம் லோகு. ஏற மாட்டேங்குது."

லோகநாயகி கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். ஃபோனைப் பார்த்து, "எங்க அளக்கணும் டாக்டரு?" என்று கேட்டாள். அந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சச் சுத்தி ஒண்ணு. அப்புறம் தோள் முனையில இருந்து பின் இடுப்பெலும்பு வரைக்கும் நீளம் ஒண்ணு. இஞ்சுல சொல்லுங்கம்மா."

தையல்காரி அல்லவா, கை தானாகப் போயிற்று. ஆட்டை நோகாமல் தூக்கி அடியில் டேப்பை விட்டு, மயிரை அழுத்தி, ஒரு விரலைக் கூட இடையில் விடாமல் பிடித்தாள். "சுத்து இருவத்தேழு." நீளம் வைத்தாள். "இதுவும் இருவத்தேழு."

"சுத்தை சுத்தால பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, அறுநூத்து அறுவதால வகுங்க."

இது என் வேலை. ஃபோனில் தட்டினேன். இருபத்தேழை இருபத்தேழால் பெருக்க எழுநூற்று இருபத்தொன்பது. அதை மறுபடி இருபத்தேழால் பெருக்க பத்தொன்பதாயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று. வகுத்தேன்.

"இருவத்தொம்போது புள்ளி எட்டு" என்றேன்.

"முப்பது கிலோ!" என்றாள் டாக்டர். "அக்கா, அப்ப மூணு லிட்டரு போகணும். இது வரைக்கும் எவ்ளோ போயிருக்கு?"

"எழுநூத்தி இருவது."

"மிச்சத்த ஆறு மணிக்குள்ள ஏத்திடுங்க. ஊசியும் கொறவா போயிருக்கு. பாக்கி ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லிய இப்பவே போடுங்க. வேகத்தக் கூட்டும்போது மூச்ச எண்ணுங்க. மூச்சு வாங்கினாலோ இருமினாலோ ஒடனே நிறுத்துங்க. நான் ஃபோன பக்கத்துலயே வெச்சிருக்கேன்."

சவரி தாளைத் திருப்பிப் போட்டாள். மூவாயிரத்தில் எழுநூற்றிருபது போக ரெண்டாயிரத்து இருநூற்றெண்பது. ஆறு மணி நேரத்துக்கு, மணிக்கு முந்நூற்றெண்பது. நிமிஷத்துக்கு ஆறரை மில்லிக்குச் சற்றுக் குறைவு. நூற்று இருபத்தேழு சொட்டு.

"விநாடிக்கு ரெண்டு, மேல ஒரு ஏழு" என்றாள். "எண்ண முடியுமா?"

"திருவிழா நாள்ல ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தையே எண்ணினவன்டி நான்" என்றேன்.

"அப்ப எண்ணுங்க."

கையில் இருந்தது ரெண்டரைப் பாட்டில். இன்னும் ரெண்டு வேண்டும். இருக்கிறது மூன்றரை மணி வரைக்கும்கூட வராது. எண்ணுகிற வேலையைச் சவரியே எடுத்துக்கொள்ள, நானும் சடையப்பனும் மொபெட்டில் கிளம்பினோம். மதகுக்குப் பக்கத்தில் ரோட்டின் மேல் முழங்கால் தண்ணீர். வண்டியை அணைத்துத் தள்ளினோம். ரெண்டு தரம் செருப்பு போய், ரெண்டு தரமும் பிடித்தோம்.

"மச்சான்," என்றான் சடையப்பன், தள்ளிக்கொண்டே. "எனக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முப்பது இருக்கும்னு. தெனம் தூக்கறவன் நான்தான? அவ பதினெட்டுன்னா. நான் ஏன் வாயத் தொறக்கலன்னு எனக்கே புரியல."

"நல்ல வீடுடா உங்களது" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நானும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நாங்கள் திரும்பியபோது மணி ரெண்டு. சவரி சொட்டை எண்ணினாள். லோகநாயகி விலாவில் கையை வைத்து மூச்சை எண்ணினாள். "இருவத்தாறு" என்பாள். சவரி தாளில் குறிப்பாள். "இருவத்தெட்டு." குறிப்பாள். ஒன்றைக்கூட அவள் குறைத்துச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வந்தபோதும் முப்பத்திரண்டு என்றுதான் சொன்னாள். சவரி ஐந்து நிமிஷம் வேகத்தைத் தணித்து, மறுபடி இருபத்தெட்டுக்கு வந்ததும் கூட்டினாள். நான் ஸ்டூலை வாங்கிக்கொண்டேன்.

மூன்றே கால் இருக்கும். வெள்ளச்சி காதை ஆட்டியது. கொசுவுக்காக ஆட்டியிருக்கும் என்று நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலையைத் தானாகத் தூக்கி, எங்கே கிடக்கிறோம் என்பது போலச் சுற்றிப் பார்த்தது. மூன்றரைக்குச் சாக்கு நனைந்தது. முதலில் கூரை ஒழுகுகிறதென்று நினைத்தோம்.

"மூத்திரங்க்கா!" என்று லோகநாயகி அலறினாள். "அக்கா, மூத்திரம் போவுது!"

நான் முப்பது வருஷத்தில் எத்தனையோ நல்ல சேதி கேட்டிருக்கிறேன். என் மகனுக்கு வேலை கிடைத்த அன்றுகூட இப்படித் துள்ளவில்லை. சடையப்பன் அந்த ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கூட துடைக்காமல் என் முதுகில் தட்டினான். சவரி மட்டும், "எண்ணிக்கைய வுட்டுட்டீங்களா?" என்று என்னை அதட்டினாள்.

அஞ்சே முக்காலுக்கு ஆறாவது பாட்டிலின் அடியில் கொஞ்சம் இருக்கையில், வெள்ளச்சி முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, ஆடி ஆடி எழுந்து நின்றது. குட்டிகள் ரெண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மடிக்கு ஓடின. பால் பெரிதாக இருந்திருக்காது. ஆனாலும் ஆடு காலை அகட்டி நின்றுகொடுத்தது. மழை தூறலாகக் குறைந்திருந்தது.

டாக்டர் பேசினாள். சிதம்பரம் தாண்டிவிட்டாளாம், முக்கால் மணியில் வருகிறேன் என்றாள். "இனிமே உப்புக் கரைசல வாயால குடுக்கலாம். நாளைக்குக் காலைல ஊசி மூணு மில்லி. முப்பது கிலோ கணக்குக்கு." சவரி எழுதிக்கொண்டாள்.

லோகநாயகிக்கு மட்டும் முகத்தில் சிரிப்பில்லை. ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றவள், திரும்பாமல் கேட்டாள்.

"அக்கா. அந்த மூணுக்கும் ஃபோன்லதான் எடை கேட்டாங்க."

சவரி பேனாவை நிறுத்தினாள்.

"பத்து பத்துன்னு சொன்னேன். யாவாரி சொன்னதுல பாதி. அதுக்குத்தான மாத்தர எழுதினாங்க? அதுக்குத்தான எவ்ளோ கஞ்சித் தண்ணி ஊத்தணும்னு சொன்னாங்க?"

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லேன் என்று நான் சவரியைக் கண்ணால் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா லோகு. பாதிதான் போயிருக்கும்."

"அப்ப கண்ணு இல்ல."

"முழுசா குடுத்திருந்தாலும் பொழச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத சொல்ல மாட்டேன்."

லோகநாயகி சத்தமில்லாமல் அழுதாள். நெடுநேரம் அழுதாள். சடையப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பு மேடையில் போய் உட்கார்ந்து காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டான். பகலெல்லாம் தண்ணீரில் ஊறிய கால். பெருவிரலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து, உள்ளே புண் வெளுத்துக் கிடந்தது. சர்க்கரைக்குத் தினம் ஊசி போட்டுக்கொள்கிறவன் அவன்; என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டுத்தான் டாக்டர் அந்த ஊசிக்கு அளவு எழுதுவார். அந்தப் புண்ணுக்கு வயசு ஒரு மாதம் இருக்கும்.

லோகநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் கண் அந்தக் காலில் போய் நின்றது.

"இந்தாய்யா" என்றாள். "சக்கர டாக்டரு ராத்திரிக்கு எத்தன இட்லின்னு கேட்டா நீ என்னா சொல்ற?"

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லு."

"மூணு."

"நெசமா எத்தன?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பாட்டிலைப் பார்த்தேன். கடைசிச் சொட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"தட்டுல வெக்கிறவ நான். எனக்குத் தெரியும். ஒன் வாயால சொல்லு. அக்கா கேக்கட்டும்."

சடையப்பன் புண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எட்டு" என்றான்.

சவரி தாளில் ஆட்டுக் கணக்கின் கீழே ஒரு கோடு போட்டு, சடையப்பன் என்று எழுதி, எட்டு என்று எழுதினாள். பிறகு பேனாவை எடுக்காமலே கேட்டாள்.

"காலைல எத்தன?"